ஜோடி சேராத ஷூ

சந்தோஷம் எங்கள் கம்பெனிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், படிவமாக வந்து சேர்ந்தது. ஒரே ஒரு தாள். மேலே ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. கீழே தமிழில் இரண்டு கேள்விகள். உங்கள் பொழுதுபோக்கு என்ன? அது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா? இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ கட்டத்தில் அவர்களே டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு வேலை மிச்சம்.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஷூ கம்பெனி எங்களுடையது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அவ்வப்போது ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். ஆடிட் என்று பேர். ஆடிட் வரப்போவதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழிவறையில் சோப்பு வந்துவிடும். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே மருந்து இருக்கும். யார் எதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். “ஓவர்டைம் எங்க இஷ்டத்துக்குத்தான் பண்றோம் மேடம்” என்ற பதிலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஓவர்டைம் செய்துவிட்டுப் படுத்த தூக்கமாக இருந்தாலும் சரி.

இந்த முறை அவர்கள் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். தொழிலாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்களா, அதற்கு அத்தாட்சி உண்டா என்று. அத்தாட்சி தயார் செய்யும் பொறுப்பு எச்.ஆர். பெண்ணின் தலையில் விழுந்தது. காட்பாடியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வரும் சின்னப் பெண் அது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடும். எல்லோரிடமும் கொஞ்சம் பயம்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாதிப் பேர் ‘டிவி’ என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் ‘தூக்கம்’. கட்டிங் செக்‌ஷனில் ஒருவர் ‘மாமியார் வீடு’ என்று எழுதிவிட்டு அடித்திருந்தார். எச்.ஆர். பெண் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக எங்கள் டேபிளுக்கு வந்தது.

“தூக்கம் ஹாபி இல்லக்கா. கிரியேட்டிவா ஏதாவது வேணும். கைவேலை மாதிரி. நீங்க இன்னா பண்ணுவீங்க வீட்ல?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

அது ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, என் தாளில் ‘வயர் கூடை’ என்று அதுவே எழுதிக்கொண்டு போனது.

நான் சொன்னது பொய். வீட்டில் நான் ஒரு வேலை செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அதைக் கம்பெனியில் வாய் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன் இருக்கும் ஷூவின் தோல் மேல்பாகத்தை அப்பர் என்போம். தைத்து முடித்த அப்பர்கள் எங்கள் டேபிளுக்குக் குவியலாக வரும். ஒரு இடது காலை எடுத்து, அதற்குப் பொருத்தமான வலது காலைத் தேடி ஜோடி சேர்க்க வேண்டும். நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். தோலின் மேலே ஓடும் சன்னமான வரி ஒன்றாக இருக்க வேண்டும். தையல் ஒரே அளவு. குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. நல்லதைப் பார்த்தால் பேசாமல் தள்ளிவிட வேண்டும். கெட்டதைப் பார்த்தால்தான் கையை நீட்ட வேண்டும்.

இந்த வேலைக்குப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்காது. தோசையின் ஓரம் கோணல். எதிர்வீட்டுக் கோலத்தில் ஒரு பக்கம் புள்ளி பெரிசு. கல்யாணத்துக்குப் போனால் மணமேடையில் நிற்கிற இரண்டு பேரையும் பார்த்து, இந்த ஜோடி டேபிளைத் தாண்டுமா என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கவே மாட்டார். “நீ பாத்தா ஏதாவது சொல்லுவ” என்று நேராக வாசலுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், கம்பெனியில் போடும் மேல்கோட்டின் பையில் வெற்றிலை அளவுக்கு ஒரு தோல் துண்டு தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டது. மாம்பழ மஞ்சள். நல்ல மெத்தென்ற ஆட்டுத்தோல். தூக்கிப் போட மனம் வரவில்லை. சும்மா சுண்டுவிரலில் சுற்றிப் பார்த்தேன். ஷூ மாதிரி இருந்தது. ஊசி நூல் எடுத்து இரண்டு தையல் போட்டேன். விரலிலிருந்து கழற்றினால், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஷூ. மூக்கு ஒரு பக்கம் திரும்பி, குதிகால் கொஞ்சம் தூக்கி, யாரையோ பார்த்து முறைப்பது போல நின்றது.

நான் சிரித்துவிட்டேன். அதற்கு ஜோடி கிடையாது. எங்கே இன்னொரு கால் என்று கேட்க ஒரு சூப்பர்வைசரும் கிடையாது. எதோடும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லாத ஒரு பொருளை என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வைத்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, சமையலறையில் நின்றுகொண்டு, பொம்மை ஷூவைப் பார்த்துச் சிரிப்பது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். வேன் இறங்கி வந்து, டீ போட்டுக் குடித்து, அவர் டிப்போவிலிருந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு, ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கம்பெனியில் ஷூ செய்ய மரக்காலும் பிளாஸ்டிக் காலும் வரிசை வரிசையாக அளவு போட்டு வைத்திருப்பார்கள். எனக்கு என் சுண்டுவிரல்தான் அளவு. பச்சை உடம்புக்குச் சிவப்பு நாக்கு வைத்து ஒரு ஷூ. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை சரிகையைச் சுற்றி ஒரு ஷூ. எல்லாம் ஒற்றைக் கால். ஜோடி போடவே கூடாது என்று ஒரு வைராக்கியம். முடித்ததைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். யாருக்கும் காட்டியதில்லை. அவர் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“நாள் பூரா அங்க ஷூ. வீட்டுக்கு வந்தும் ஷூவா? உனக்கு பேஜாரே இல்லையா?”

“இல்ல” என்றேன். அவர் போய்விட்டார்.

சிக்கல் தோலில்தான் இருந்தது. கட்டிங்கில் விழும் துண்டுகள் வேண்டாதவைதான். ஆனால் வேண்டாதவையும் கம்பெனிச் சொத்துதான். கேட்டில் செக்யூரிட்டிப் பெண் பையைப் பிரித்து, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடும். ஒரு துண்டோடு மாட்டினாலும் திருட்டுதான். நான் ஊறுகாய் டப்பாவில் எடுத்து வந்தேன். அந்த டப்பாவைத் திறந்தால் வரும் நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பெண் திறக்கவே திறக்காது. என் ஷூக்கள் எல்லாவற்றிலும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை அடிக்கும். ஒரு கௌரவமான தொழிற்சாலையின் மூத்த செக்கர், வாரத்துக்கு இரண்டு தடவை, ஊறுகாய்க்கு அடியில் திருடிக்கொண்டு போய்ச் சந்தோஷமாக இருந்தாள் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஆடிட் நாள் வந்தது. மதியம் பிரியாணி என்று அறிவித்திருந்ததால் யாரும் லீவு போடவில்லை. கேண்டீன் சுவரில் ‘எங்கள் கைவண்ணம்’ என்று ஒரு போர்டு. எம்ப்ராய்டரி, காகிதப் பூ, கண்ணாடியில் வரைந்த மயில். எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் பேர். எல்லாம் காட்பாடியில் ஒரே ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியவை. மயிலின் முதுகில் விலைச்சீட்டைப் பிய்த்த தடம் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். என் பேருக்கு மேலே நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு வயர் கூடை தொங்கியது. அழகான கூடை. யார் பின்னியதோ.

வந்தவர் ஒரு அம்மா. பெங்களூருவிலிருந்து வந்திருந்தார். நல்ல தமிழ் பேசினார். கூடவே எங்கள் மேனேஜர், எச்.ஆர். பெண். போர்டு முன்னால் நின்றவர் நேராகக் கூடையைத்தான் கையில் எடுத்தார்.

“இது யாரு போட்டது? கூப்பிடுங்க.”

நான் போய் நின்றேன்.

“நானும் கூடை பின்னுவேன்” என்றார் அந்த அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. “அடி மூலையில இந்த முடிச்சு எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க எப்படித் திருப்பறீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்.”

கூடையை என் கையில் கொடுத்தார். ஓவர்டைம் கேள்விக்குப் பதில் தெரியும். குடிதண்ணீர் கேள்விக்குத் தெரியும். இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எச்.ஆர். பெண்ணைப் பார்த்தேன். அதன் உதடு வெளுத்துப்போயிருந்தது. போர்டில் இருப்பது பூராவும் பொய் என்று தெரிந்தால் முதலில் போவது அதன் வேலைதான். என் வீட்டில் ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். இவ்வளவும் அப்போதே யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. கை தானாக இடுப்புச் சுருக்குப் பைக்குப் போனது. அதற்குள் முந்தின நாள் முடித்த ஒரு ஷூ இருந்தது. அடுத்த ஷூவுக்குத் தையல் செக்‌ஷனில் அதே நிற நூல் துண்டு கிடைக்குமா என்று பார்க்கக் கொண்டு வந்திருந்தேன்.

“கூடை என்னுது இல்ல மேடம். பேர் மாறிப்போச்சு. என்னுது இது.”

அந்த அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் நிற்க வைத்தார். கத்திரிப்பூ நிறம், வெள்ளைத் தையல். குனிந்து உள்ளே பார்த்தார். தன் சுண்டுவிரலை அதற்குள் நுழைத்து மேசைமேல் நடக்க வைத்தார். பெரிய ஆடிட் அதிகாரி, மேனேஜர் முன்னால், விரலால் டக் டக் என்று நடந்தார்.

“எவ்ளோ அழகு!” என்றார். அப்புறம் தலையைத் தூக்கி, சாதாரணமாக, “லெதர் எங்கேர்ந்து கிடைக்குது உங்களுக்கு?” என்று கேட்டார்.

பத்தொன்பது வருடம், சம்பளம், பேர் எல்லாம் ஒரு ஊறுகாய் டப்பாவில் போகப்போகிறது என்று நின்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் நாற்பது வருடமாகத் தோலோடு இருக்கிறவர்.

“நாங்கதான் மேடம் குடுக்கறோம்” என்றார் சிரித்துக்கொண்டே. “வேஸ்ட்டை ரீசைக்கிள் பண்ற ஸ்கீம். ஒர்க்கர்ஸ் வெல்ஃபேர்.”

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ஸ்கீம் அந்த நொடியில் பிறந்தது. அன்றைக்குப் பிரியாணியில் எனக்கு இரண்டு துண்டு ஜாஸ்தி வைத்தார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன். உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் என்னைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்களாம். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களே, பையர் என்போம், நேரில் வருகிறார்களாம். அவர்களுக்குப் பரிசு கொடுக்க என் ஷூக்களைச் சாவி வளையத்தில் மாட்டித் தர வேண்டுமாம்.

“இருபத்துநாலு பீஸ். பன்னெண்டு ஜோடி. ரெண்டு வாரம் டைம் எடுத்துக்க. வேணும்ங்கற லெதர் எடுத்துக்க, கேட் பாஸ் போட்டுத் தர்றேன். இது நல்லா போச்சுன்னா மாசா மாசம் பண்ணலாம். தனியா டேபிள் போட்டுடலாம்.”

“ஜோடியாவா சார்?”

“பின்ன? ஒத்தக் காலை யாரும்மா வாங்குவா?”

எச்.ஆர். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டது. “அக்கா, உங்க ஹாபியே உங்க வேலையா ஆயிடுச்சு. எவ்ளோ பேருக்குக் கிடைக்கும் இது?” அது மனசாரத்தான் சொன்னது. எனக்கும் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலம் ஒரு மூட்டைத் தோலைத் தலை நிமிர்ந்து கேட் வழியாக எடுத்துப் போனேன். செக்யூரிட்டிப் பெண் கதவைத் திறந்துவிட்டது.

மூட்டையை ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு இடது கால் செய்தேன். அதற்கு வலது கால் செய்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். நிறம் சேரவில்லை. பிரித்துவிட்டு மறுபடி செய்தேன். தையல் ஒன்று ஜாஸ்தி. பிரித்தேன். அவர் வந்து சாப்பாடு என்றபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு ஜோடிகூட முடியவில்லை.

நாலாவது நாள்தான் எனக்குப் பயம் வந்தது. கொஞ்சம் மனசு தேறட்டும் என்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூன்று வருடமாகச் சேர்த்தவை. மாம்பழ மஞ்சளை எடுத்தேன். குதிகால் கோணல். பச்சையை எடுத்தேன். பசை வெளியே தெரிகிறது. சரிகை வைத்ததில் நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதைத் தொட்டாலும் குறைதான் முன்னால் வந்து நின்றது. கம்பெனியிலிருந்து என் கண் வீட்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. இந்த ஒரு இடத்தில்தான் அது வராமல் இருந்தது. இதுவும் போய்விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. குக்கர் விசில் சத்தத்தில் கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன்.

முடியாது என்று மேனேஜரிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கம்பெனியில் பெரியவர்களிடம் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. முடியாது என்றால் ஏன், எப்போது முடியும், யாரைத் துணைக்குப் போட்டால் முடியும் என்று மீட்டிங் வைப்பார்கள். எதுவும் அங்கே ஒரே ஒரு வழியில்தான் நின்றுபோகும். ரிஜெக்ட் ஆக வேண்டும். மாதிரி பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போகும். கேள்வி கேட்காமல் போகும். இது எனக்குத் தெரியாதா? இத்தனை வருடமாக எத்தனையோ ஆர்டர்களை என் ஸ்டிக்கர்தான் அனுப்பிவைத்திருக்கிறது.

கெடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. கை கேட்கவில்லை. தையலைக் கோணலாகப் போடு என்றால் போய் நேராகவே நிற்கிறது. முதல் ஷூவைக் கெடுக்க மூன்று தடவை பிரித்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியதும், அடேயப்பா, அதில் ஒரு ருசி வந்தது பாருங்கள்! பசையை விரலால் எடுத்து வேண்டுமென்றே மூக்கின்மேல் தீற்றினேன். ஒன்றில் நூலை ஆட்டுக்கிடா தாடி போல நீளமாகத் தொங்கவிட்டேன். ஒன்றில் ஆட்டின் கழுத்துத் தோலை வைத்துச் சுருக்கம் விழ வைத்தேன். ஒன்றில் ஊசியால் ஒரே இடத்தில் ஏழு குத்து. ஒன்றின் நாக்கைத் தலைகீழாகத் தைத்தேன். ஒரு ஜோடியில் இரண்டுமே இடது கால். அதை முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டு, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மருமகன்கள் மாதிரி நின்றன.

“இன்னாத்துக்கு சிரிக்கிற?” என்று ஹாலிலிருந்து அவர் குரல் வந்தது.

“கம்பெனி வேலை” என்றேன்.

“கம்பெனி வேலைல சிரிப்பா?” என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் இருபத்துநாலும் முடிந்தன. இந்த மூன்று வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை.

பரிசுப் பொருளாக இருந்தாலும் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் வேலையை நானே செக் பண்ணக் கூடாது. எனக்கு எதிரில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்தார்கள். ஆம்பூரிலிருந்து வரும் பாய் வீட்டுப் பெண். பத்து வருடமாக ஒரே டேபிள். என் ஊறுகாயில் பாதியை அவள்தான் சாப்பிடுவாள். சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக ஆரம்பித்தாள். முதல் பீஸில் ஒரு அம்புக்குறி. இரண்டாவதில் ஒன்று. ஐந்தாவதுக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. பத்தாவதில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேறு அப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்துநாலாவது பீஸில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். குனிந்து என் காதுக்கிட்டே வந்தாள்.

“அரே அக்கா. இருபத்துநாலு டிஃபெக்ட். ஒண்ணுகூட ரிப்பீட் ஆவலயே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைவேலை தெரியாதவள் ஒரே தப்பைத்தான் இருபத்துநாலு தடவையும் செய்வாள். இது எங்கள் செக்‌ஷனில் புதிதாக வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். நானோ ஒவ்வொன்றுக்கும் ஒரு தப்பு என்று, டிரெய்னிங் சார்ட் போட்ட மாதிரி, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் கெடுத்து வைத்திருக்கிறேன். கெடுப்பதிலும் என் கர்வம் சும்மா இருக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கண்டாளோ தெரியாது. வரிசையாக அடுக்கியதைக் கையால் கலைத்து ஒரே குவியலாக்கி, டிரேயில் கொட்டி மூடினாள்.

“ரொம்ப மோசமா இருக்குக்கா” என்றாள் சத்தமாக, சூப்பர்வைசர் காதில் விழும்படி.

மேனேஜர் டிரேயைத் திறந்து பார்த்தபோது நானும் அவளும் சூப்பர்வைசரும் எச்.ஆர். பெண்ணும் நின்றிருந்தோம். ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். குவியல் முழுக்க அம்மை போட்டது போலச் சிவப்பு.

“பத்தொன்பது வருஷம் செக்கரா இருக்கிறவங்க செஞ்சதா இது?”

“கண்ணுக்குத் தெரியறது கைக்கு வர்றதில்ல சார்.”

“அன்னிக்கு ஒண்ணு காட்டினியே?”

“அது எப்பவாவது ஒண்ணு அமையும் சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “உனக்கு இதெல்லாம் வராதும்மா. செக்கிங்கைப் பாரு” என்றார். இதைத்தான் எதிர்பார்த்து இரண்டு வாரம் உழைத்தேன். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகம் சுட்டது. பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு நல்ல ஷூவைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்து, இதைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

எச்.ஆர். பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னது. “பரவால்லக்கா. எல்லாருக்கும் எல்லாம் வராது. நீங்க ட்ரை பண்ணீங்க இல்ல, அதான் முக்கியம்.” பாவம், அது எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டது. பையருக்கு மயில் கொடுப்பது என்று முடிவானது. அதே ஃபேன்சி ஸ்டோரில் பன்னிரண்டு மயில் கிடைத்ததாம். எனக்குப் போடுவதாக இருந்த தனி டேபிளில் இப்போது தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள். மீதித் தோலைத் திருப்பிக் கொடுத்து, கேட் பாஸையும் ஒப்படைத்துவிட்டேன்.

ரிஜெக்ட் ஆனதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இருபத்துநாலையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மேசைமேல் கொட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலை பார்த்தால் ஒன்று கம்மி. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். சாவியில் அது தொங்கியது. பசை தீற்றிய மூக்கு. பக்கத்தில் சிவப்பு அம்புக்குறிகூட அப்படியே இருந்தது.

“டிப்போல எல்லாரும் கேக்கறாங்க. உன் பொண்டாட்டி செஞ்சதான்னு. சூப்பரா இருக்காம்” என்றார்.

முப்பது வருடத்தில் அந்த மனுஷன் என் கைவேலை எதையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஒரு பத்து பீஸ் செஞ்சு குடேன். மெக்கானிக் பசங்களுக்கெல்லாம் குடுக்கறேன். ஒரு வாரத்துல முடியும் இல்ல?”

பத்து பீஸ். ஒரு வாரம். எழுந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

“எங்க முடியும்? எனக்கு வராதுன்னு கம்பெனிலயே சொல்லி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க” என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

“அப்படியா?”

திரும்பினேன். சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு” என்றார்.

நம்பிவிட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று வலித்தது. இதைவிடப் பத்து பீஸ் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. அவர் எழுந்து போய் டிவியைப் போட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோர்த்தேன்.